சடை என்று சொன்னார்கள்

ஒரு சிக்கை அவிழ்த்தால் ஓர் உயிர் போய்விடுமா? போன தை மாதம் என் அத்தை அம்சா போய்விடும் என்றாள். ப்ளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அத்தை சொன்னதை நம்பவும் முடியவில்லை, இல்லை என்று சொல்லவும் பயமாக இருந்தது.

இது என் பெரியப்பா மகள் கலைமதி அக்காவின் கதை. அவளுக்கு இருபத்து நான்கு வயது. விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. எங்கள் ஊர் பிரம்மதேசத்துக்குப் பக்கம். முதல் பஸ்ஸில் திண்டிவனம் போய், அங்கிருந்து ரயிலில் விழுப்புரம் போவாள். எங்கள் குடும்பத்துப் பெண்கள் எல்லோருக்கும் சுருட்டை முடி. அக்காவுக்கு மிக நெருக்கமான சுருட்டை. நனைந்தால் இடுப்பைத் தொடும், காய்ந்தால் தோளுக்கு ஏறிவிடும். ரயிலில் யாராவது "ஸ்பிரிங்கு" என்று கிண்டல் செய்தால், "இழுத்துப் பாரு, கை மாட்டிக்கும்" என்பாள்.

மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலிலேயே உறைந்து கிடக்கும். உருக்க அவளுக்கு நேரமில்லை. தலைக்குக் குளித்து, ஈரத்தோடு கொண்டை போட்டு, பனிக்காக மேலே குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடுவாள். திரும்பி வந்ததும் அப்படியே படுத்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை நிதானமாகச் சிக்கெடுக்கலாம் என்பாள். அந்த ஞாயிறு வருவதற்குள் காய்ச்சல் வந்தது.

பன்னிரண்டு நாள் படுக்கை. எழுந்து உட்கார்ந்தபோது பின்கழுத்துக்கு மேலே முடி உருண்டையாக இறுகியிருந்தது. பெரியம்மா ராஜாமணி சீப்பை விட்டு இழுத்தாள். இரண்டு பல் உடைந்து உள்ளேயே தங்கிவிட்டன. அக்கா அலறினாள். பக்கத்து வீட்டிலிருந்து அத்தை ஓடிவந்தாள்.

"சீப்ப கீழ வையி அண்ணி. இது சிக்கு இல்ல, சடை. அம்மன் எறங்கியிருக்கா."

"காய்ச்சல்ல படுத்துக்கினு இருந்தா அத்த. சிக்குதான்," என்றேன்.

"ப்ளஸ் டூ முடிச்சிட்டா நீ டாக்டரா? எங்க அக்காவுக்கும் இப்டித்தான் விழுந்துச்சு. கத்தரிச்சாங்க. எட்டாம் நாளு போய்ட்டா. சிக்க அவுக்கறேன்னு இவ உயிரு போனா நீ திருப்பிக் குடுப்பியா?"

பெரியம்மா சீப்பைக் கீழே வைத்தாள்.

எங்கள் பக்கத்தில் முடி சடை விழுந்தால் மேல்மலையனூர் அங்காளம்மன் வந்திருப்பதாகச் சொல்வார்கள். அங்கே போய் உத்தரவு கேட்காமல் சீப்பும் கத்தரியும் படக் கூடாது. மாசி அமாவாசைக்குப் போய்க் கேட்கலாம் என்று அத்தை முடிவு செய்தாள். அதுவரை வெள்ளிக்கிழமைதோறும் சடைக்கு மஞ்சள் பூசிக் கற்பூரம் காட்டினார்கள். மஞ்சள் விழுது காய்ந்து முடியோடு சேர்ந்து கல்லானது. அடியில் இருந்த ஈரம் மட்டும் காயவே இல்லை. அது எங்களுக்குத் தெரியவில்லை. நானும்தான் ஒரு வெள்ளிக்கிழமை மஞ்சள் குழைத்துக் கொடுத்தேன்.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர் தெருக்கோடி பச்சைமுத்து.

"இந்த வாரம் மல்லாட்டை போடலாமாம்மா?" என்று, நிலக்கடலை விதைக்க அம்மனிடம் உத்தரவு கேட்பதுபோல், கைகட்டிக்கொண்டு கேட்டார்.

"ரத்தம் குடு மாமா, சக்கரை எவ்ளோ இருக்குதுன்னு வேணா சொல்றேன்," என்று அக்கா சிரித்தாள்.

அடுத்த வாரம் அவர் மறுபடி வந்தார். அக்கா சிரிக்கவில்லை. அவரை வெகுநேரம் பார்த்துவிட்டு, "போடு" என்றாள். அவள் குரல்தான். ஆனாலும் நான் ஓரடி பின்வாங்கினேன். அன்று மாலை அவளே என்னிடம், "ஒருவேளை அத்த சொல்றது நெசமோ சங்கவி? கழுத்தத் திருப்ப முடியல. யாரோ பிடிச்சிக்கினு இருக்கற மாதிரி கீது," என்றாள்.

தொட்டுப் பார்த்தேன். உடம்பு மறுபடியும் சுட்டது. சடைக்கு அருகே போனால் கெட்ட வாடை. அமாவாசைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

லேபில் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை போய்விடும் என்று வீட்டில் பொய் சொல்லி, அவளை விழுப்புரம் அழைத்துப் போனேன். அவளோடு வேலை பார்க்கும் ஷமீம் அக்காவின் அறை அங்கே இருந்தது. கடலோரக் கோட்டக்குப்பத்துக்காரி, அவளுக்கும் சுருட்டை முடி. கலைமதி அக்காவின் தலையைப் பார்த்ததும், "எங்க ஊரு வலை கூட இவ்ளோ சிக்காது போ," என்றாள். பிறகு மூக்கைச் சுளித்தாள். அதற்கு மேல் அவள் வேடிக்கை பேசவில்லை.

வெந்நீரில் மஞ்சளைக் கரைத்து எடுத்தாள். உருக்கிய எண்ணெயை ஊற்றி ஊற வைத்தாள். நுனியிலிருந்து தொடங்கி, விரலால் மட்டும், இழை இழையாகப் பிரித்தாள். மூன்று மணி நேரம் ஆனது. கடைசியில் கோலிக்குண்டு அளவு முடி உருண்டை ஒன்று மிஞ்சியது. அதன் ஓரத்தில் சீழ் கசிந்தது.

"இத வெட்டித்தான் ஆவணும்," என்றாள் ஷமீம் அக்கா.

"வேணாம்," என்றாள் கலைமதி அக்கா. "எட்டு நாள்ல போய்டுவேன்."

நான் பெரியம்மாவுக்கு போன் செய்தேன். அம்சா அத்தையின் அக்காவான, செத்துப்போன பெரிய அத்தைக்கு எப்போது சடை விழுந்தது என்று கேட்டேன்.

"நான் கல்யாணமாயி வந்த வருசம். டைபாய்டு வந்து ஒரு மாசம் படுத்துக்கினு இருந்தா. அப்பத்தான் விழுந்துச்சு. கத்தரிக்கறப்பவே அவளுக்கு நெனவு இல்ல."

ஸ்பீக்கரில் அக்காவும் கேட்டாள். முடியை வெட்டியதால் பெரிய அத்தை சாகவில்லை. சாகும் அளவுக்கு நோயில் கிடந்ததால்தான் முடி சடையானது. அக்கா கத்தரியை வாங்கி, தானே வெட்டிக்கொண்டாள். அன்றே டாக்டரிடம் போனோம். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் சீழ் ரத்தத்தில் பரவியிருக்கும் என்றார்.

அத்தை எங்களைத் திட்டவில்லை. தினமும் காலையில் வாசலில் வந்து நின்று, "இன்னிக்கி மூணு", "இன்னிக்கி நாலு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். ஐந்தாம் நாள் அக்காவுக்குக் காய்ச்சல் ஏறியது. பெரியம்மா அழுதுகொண்டே கற்பூரம் தேடினாள். நான் மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். எட்டாம் நாள் காய்ச்சல் இல்லை. ஒன்பதாம் நாள் அக்கா பஸ் ஏறினாள்.

"எட்டு போனா இன்னா. ஒரு மண்டலம் இருக்குது," என்றாள் அத்தை.

மண்டலமும் முடிந்தது. ஆனால் பச்சைமுத்துவின் மல்லாட்டை அழுகிப்போனது. அதற்குக் காரணம் அக்காவின் கத்தரி என்று இன்றும் சொல்கிறார்கள். அவள் தெருவில் போனால் சிலர் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

இப்போது மறுபடி மார்கழி. எங்கள் ஊர்க் கண்ணையன் மகள் பத்து நாளாகக் காய்ச்சலில் கிடக்கிறாள். அவளுக்கும் சுருட்டை முடி. முந்தாநாள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், பின்கழுத்தில் மஞ்சள் பூசியிருந்தார்கள். கலைமதி அக்காவையும் என்னையும் உள்ளே விடவில்லை. உங்களில் யார் சொன்னால் கேட்பார்களோ தெரியவில்லை. ஈரத் தலையைக் கட்டி மூடாதீர்கள், படுக்கையில் இருப்பவளின் முடியைத் தினம் எண்ணெய் தொட்டு விரலால் பிரித்துவிடுங்கள், வாடை வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். இந்தக் கதையை உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள். திண்டிவனம் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள்.