அக்கா அழுத்திய ஆக்சிலேட்டர்

என் அக்காவின் கணவரை அச்சகத்தில் 'அரை மில்லி' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருடம் காகிதம் வெட்டும் மெஷினில் நின்றவர். ஐந்நூறு தாளை அடுக்கி ஒரே வெட்டாக வெட்டினாலும் மேல் தாளுக்கும் அடித் தாளுக்கும் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் வராது. கிண்டலில் ஆரம்பித்து மரியாதையில் போய் முடிந்த பட்டப்பெயர் அது. அவருக்கு உள்ளுக்குள் பிடிக்கும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். எனக்கு அவர் மாமா.

மாமாவுக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. இருந்த ஒரே கிறுக்கு, கார் ரேஸ் கேம். கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய பழைய கேம் கன்சோல் ஒன்று டிவிக்குக் கீழே இருந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்து, கைகால் கழுவி, ஒரு மணி நேரம் ஓட்டுவார். அக்கா துணிக்கடை மாடியில் ஆல்டரேஷன் வேலை பார்க்கிறாள். முடியாத பேன்ட், சட்டைகளை வீட்டுக்கு எடுத்து வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து தையல் பிரிப்பாள். திரையை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். குழந்தை இல்லாத வீடு. அந்த ஒரு மணி நேரச் சத்தம்தான் வீட்டுச் சத்தம்.

காகிதம் வெட்டும் மெஷினில் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் கத்தி இறங்கும். கை உள்ளே போகக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஒரு நாள் மருந்து லேபிள் வேலை ஒன்று தலைபோகிற அவசரம் என்று, ஒரு பட்டனை டேப் போட்டு அழுத்தி ஒட்டிவிட்டார்கள். முதலாளியும் பார்த்தார், சூப்பர்வைசரும் பார்த்தார். ஆனால் டேப்பை ஒட்டியது மாமா. பிறகு விசாரணையில் எல்லோர் வாயிலும் அந்த ஒரு வரிதான் வந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, அடுக்கில் லேசாகச் சாய்ந்திருந்த தாளைத் தட்டி நேராக்க வலது கையை உள்ளே விட்டார். இடது கை பழக்கத்தில் மிச்சப் பட்டனை அழுத்திவிட்டது. ஆட்காட்டி விரல், நடு விரல், மோதிர விரல் மூன்றும் போயின. பெருவிரலும் சுண்டு விரலும் மிஞ்சின.

ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் அக்காவிடம் கேட்டது, "அந்த லேபிள் கட்டெல்லாம் டைமுக்குப் போயிடுச்சா?" என்று. அக்கா வெளியே வந்து அதைச் சொல்லித்தான் அழுதாள்.

நஷ்டஈடு என்று ஏதோ கொடுத்தார்கள். வேலையிலிருந்து எடுக்கவில்லை, கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு, வருகிற வண்டி, போகிற வண்டி நம்பரை நோட்டில் எழுதச் சொன்னார்கள். இடது கை எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் அந்த நோட்டைப் படிக்கவில்லை என்பதுதான் காரணம் என்று மாமா கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆயிற்று.

பழைய கன்சோல் அதற்கு முன்பே டிஸ்க் படிக்காமல் செத்துப் போயிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா என்னைக் கூப்பிட்டு, புதுசு ஒன்று வாங்கலாம் என்றார். நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். எனக்குச் சந்தோஷம். அவர் எதையாவது கேட்டு எத்தனை நாளாகிவிட்டது!

"கன்சோல் வேணாம் மாமா. கம்ப்யூட்டரே அசெம்பிள் பண்ணிடலாம். ஆபீஸ்ல கழிச்சுப்போட்ட நல்ல மெஷின் ஒண்ணு கடையில இருக்கு. கிராபிக்ஸ் கார்டு மட்டும் செகண்ட் ஹேண்ட்ல போட்டா போதும். கேமும் விலை கம்மி."

"கம்ப்யூட்டர் எல்லாம் நோண்டிக்கிட்டு இருக்கணும்டா. இது, போட்டா ஓடும்."

"கம்ப்யூட்டர்னா எந்த பட்டனை வேணும்னாலும் நமக்கு ஏத்த மாதிரி..." என்று ஆரம்பித்தேன். அக்கா சமையலறை வாசலிலிருந்து கண்ணைக் காட்டினாள். நிறுத்திக்கொண்டேன்.

"என்ன ஏத்த மாதிரி?" என்றார் மாமா.

"ஒண்ணுமில்ல மாமா."

"நமக்குக் கை பழகினது கன்சோல்தான்" என்றார். எந்தக் கை என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மூன்று பேருமாகக் கடைக்குப் போனோம். பெரிய கண்ணாடிக் கடை. ஆட்கள் ஓட்டிப் பார்ப்பதற்காக ஒரு கன்சோலைத் திரையோடு மாட்டி வைத்திருந்தார்கள். மாமா கண்ட்ரோலரை எடுத்தார். இடது கை அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. வலது கை பிடிக்கப் பார்த்தது, வழுக்கியது. உள்ளங்கையால் அணைத்துப் பெருவிரலால் தாங்கிக்கொண்டார். கார் நகரவில்லை. அந்த கேமில் ஆக்சிலேட்டர், கண்ட்ரோலரின் வலது பக்கம் பின்னால் இருக்கிற பட்டன். ஆட்காட்டி விரல் போகிற இடம்.

"இந்த பட்டன் ரொம்ப டைட்டா இருக்கே" என்றார்.

கடைப்பெண் சிரித்த முகத்தோடு வந்து, எட்டி ஒரு விரலால் அழுத்திக் காட்டினாள். "இல்ல சார், சாஃப்டாத்தான் இருக்கு, பாருங்க." கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. அப்போதுதான் அவள் அந்தக் கையைப் பார்த்தாள். நெருப்பு பட்ட மாதிரி விரலை எடுத்தாள்.

ஆக்சிலேட்டரைச் செட்டிங்கில் வேறு பட்டனுக்கு மாற்றி வைக்கலாம் என்று நான் மெதுவாகச் சொன்னேன். மாற்றியும் பார்த்தோம். கண்ட்ரோலரைத் தாங்குகிற பெருவிரலே அழுத்தவும் வேண்டியிருந்ததால் நழுவி மடியில் விழுந்தது. கை சரியில்லாதவர்களுக்கென்றே செய்த கண்ட்ரோலர் எங்கோ விற்கிறதாம். அந்தக் கடையில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

"பேக் பண்ணுங்க" என்றார் மாமா, பெட்டியைக் காட்டி.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள், "அவர் சொல்றதை வாங்குடா" என்றாள்.

பெட்டி ஒரு வாரம் பிரிக்கப்படாமல் டிவிக்குக் கீழே கிடந்தது. எட்டாம் நாள் சாயங்காலம் அக்காவே பிரித்தாள். வயர்களை மாட்டினாள். தையல் பிரிக்கிற கத்தரியைக் கீழே வைத்துவிட்டு மாமாவின் வலது பக்கம் ஒட்டி உட்கார்ந்து, "நீங்க திருப்புங்க. நான் அழுத்தறேன்" என்றாள்.

"உனக்கு என்ன தெரியும்?"

"தையல் மெஷின் ஓட்டறேன் இல்ல? அழுத்தினா போகும், விட்டா நிக்கும். இதுல என்ன பெரிய வித்தை?"

அடுத்த ஞாயிறு நான் போனபோது வாசலிலேயே சத்தம் கேட்டது.

"விடு விடு விடு! வளைவு வருதுடி!"

"விட்டுட்டேன்!"

"இப்ப அழுத்து! ஏன் நின்னுட்ட?"

"நீங்கதானே விடச் சொன்னீங்க?"

"விடச் சொன்னா, வீட்டுக்குப் போகச் சொன்னேனா?"

ஒரு கண்ட்ரோலரில் இரண்டு பேர். இடது பாதி அவர், வலது பாதி அவள். அக்கா ஜென்மத்தில் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. வளைவு வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். கார் மரத்தில் மோதும். முதல் இரண்டு மாதம் எப்போதும் கடைசி. பிறகு கடைசிக்கு முந்தி. ஒரு நாள் அக்கா கடையிலிருந்து எனக்கு போன் செய்து, "மூணாவது வந்தோம்டா" என்றாள், பரீட்சை பாஸான மாதிரி. இரண்டு பேரும் பேச்சில்லாமலே ஓட்டப் பழகியிருந்தார்கள். மாமாவின் தோள் லேசாகச் சாயும். அக்காவின் விரல் தளரும். விபத்துக்குப் பிறகு அந்த வீட்டில் நான் கேட்ட சிரிப்பெல்லாம் அந்த ஐந்தாறு மாதத்தில் கேட்டதுதான்.

பைண்டிங் பிரிவிலிருந்து மாமாவின் பழைய கூட்டாளி ஒருவர் ஒரு நாள் பார்க்க வந்தார். நல்ல மனிதர். அவர்கள் ஓட்டுவதைப் பார்த்து, மனசு குளிர்ந்து, போய் அச்சகத்தில் சொல்லியிருக்கிறார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இரண்டாம் நாள் கேட்டில் வண்டியை நிறுத்திய டிரைவர் ஒருவர், "என்ன அரை மில்லி, வீட்டுல ஆக்சிலேட்டர் அம்மா கையிலயாமே?" என்று கேட்டாராம். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்களாம். மாமாவும் சிரித்தாராம்.

அன்று சாயங்காலம் ஏரிக்கரை வளைவில் கார் தண்ணீரில் விழுந்தது. அது வழக்கமாக விழுகிற இடம்தான்.

"லேட்டா விட்ட" என்றார்.

"சரி, இன்னொரு தடவை போலாம்."

"எப்பவும் லேட்டுதான். நீ விட்டாத்தான் நான் நிக்கணும், நீ அழுத்தினாத்தான் நான் ஓடணும். சோத்தையும் நீயே பிசைஞ்சு ஊட்டிடேன்."

மாமா வயர்களைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டு அலமாரி மேல் ஏற்றினார். ஒரு கையால் ஏற்றியதில் பெட்டி மூலை அவர் நெற்றியில் இடித்தது. அக்கா எழுந்து பிடிக்கப் போனாள். "வேணாம்" என்றார்.

இந்த இடத்தில்தான் நான் புகுந்தேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் செய்தேன். கடைக்கு ரிப்பேருக்கு வந்து உரியவர் திரும்ப வாங்காத பழைய ஸ்டியரிங் செட் ஒன்று என்னிடம் கிடந்தது. கேம் விளையாடுவதற்கென்றே செய்தது. கீழே காலால் மிதிக்க ஆக்சிலேட்டரும் பிரேக்கும். ரொம்பப் பழசு, புதுக் கன்சோலில் வேலை செய்யாது, கம்ப்யூட்டரில் மட்டும் செய்யும். சொன்ன மாதிரியே கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்தேன். கன்சோலை விற்று அந்தப் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போட்டு, அதே ரேஸ் கேமை ஏற்றினேன். மாமா முதலில் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார். நான் மேஜையில் ஸ்டியரிங்கை முடுக்கி, நாற்காலியைப் போட்டு, "சும்மா மிதிச்சுப் பாருங்க மாமா" என்றேன்.

மிதித்தார். இடது கை ஸ்டியரிங்கில். வலது உள்ளங்கை அதன் விளிம்பில் அழுத்தி நின்றது. அதற்கு விரலே தேவைப்படவில்லை. முதல் சுற்றில் தடுமாறினார். மூன்றாவது சுற்றில் ஏரிக்கரை வளைவை ஒரே வெட்டாக வெட்டினாற்போலத் தாண்டினார். சாலை ஓரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு தாள் புகாது. எனக்குப் புல்லரித்தது. அக்கா கைதட்டினாள்.

கம்ப்யூட்டர்தான் சரி என்று நான் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை ஆயிற்று. ஒரு மாதத்தில் இன்டர்நெட்டில் எங்கெங்கோ இருப்பவர்களோடு ஓட்ட ஆரம்பித்தார். அவர்கள் பேசுவதைக் கேட்கக் காதில் ஹெட்போன். அங்கே யாரும் கையைப் பார்ப்பதில்லை. ஒரு மணி நேரம் மூன்று மணி நேரமாயிற்று. அக்கா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். அவர் நடுநடுவே சிரிப்பார். எதற்கென்று அவளுக்குத் தெரியாது. காபி டம்ளரை வைத்துவிட்டு, "ஆறிடும்" என்பாள். காதில் விழாது. சில வாரத்தில் நாற்காலி சமையலறைக்குப் போனது. கத்தரி விழுகிற சத்தம் மைக்கில் கேட்கிறது என்று மாமா சொன்னதும் தையல் சாமான்கள் படுக்கையறைக்குப் போயின.

ஒருநாள் துணிக்கடை மாடியில் அவளைப் பார்க்கப் போனேன். சட்டை பட்டனுக்குக் காஜா எடுத்துக்கொண்டே, "நல்லா ஓட்டறார்டா" என்றாள்.

"ஆமாக்கா."

"லேட்டா விட்டேன், லேட்டா விட்டேன்னு சொல்வாரில்ல, கோபத்துல சொல்றார்னு நினைச்சேன். உண்மைதான்டா. நான்தான் அவரைப் பிடிச்சு வெச்சிருந்திருக்கேன்."

"அப்படியெல்லாம் இல்லக்கா."

"விடு. நூலைக் கொஞ்சம் கோத்துக் குடு, கண்ணு தெரியல."

நான் கோத்துக் கொடுத்தேன்.

இரண்டு வருடம் இப்படியே போயிற்று. சண்டை இல்லை. சண்டை போடுவதற்கும் இரண்டு பேர் ஒரே அறையில் இருக்க வேண்டுமே. மாமா கேட்டில் வண்டி நம்பர் எழுதுகிறார், வீட்டுக்கு வந்து வண்டி ஓட்டுகிறார். அக்கா கடையில் ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

போன மாதம் அந்தக் கம்ப்யூட்டரின் பவர் சப்ளை புகைந்துவிட்டது. கடைக்குத் தூக்கி வந்தேன். அரை நாள் வேலை. அன்றைக்கே முடித்தும்விட்டேன். ஆனால் முடிந்தது என்று சொல்லவில்லை. பார்ட்ஸ் வரவில்லை, நாலு நாள் ஆகும் என்று பொய் சொன்னேன். நாலு சாயங்காலம் ஒரே அறையில் உட்கார்ந்தால் ஏதாவது பேசிக்கொள்வார்கள் என்று ஒரு நப்பாசை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் கெட்டுவிடும் என்று போகாமலும் இருந்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மாமா போன் செய்தார். "பார்ட்ஸ் வந்துச்சா?"

"இன்னும் இல்ல மாமா. அக்கா என்ன பண்ணுது?"

"தெரியலடா. உள்ள இருக்கா" என்றார்.

போனை வைத்துப் பத்து நிமிடம் ஆகவில்லை, அக்கா கூப்பிட்டாள். மாடிப்படியில் நின்று பேசுகிறாள் போல, குரல் எதிரொலித்தது.

"எப்படா முடிப்ப?"

"ஏன்க்கா, அவர் கத்தறாரா?"

"கத்தினா பரவாயில்லையே. ஹால்ல உட்கார்ந்து கையையே பார்த்துக்கிட்டு இருக்கார். நான் போனா ஜன்னலைப் பார்க்கறார். என்ன பேசறதுன்னு அவருக்கும் தெரியல, எனக்கும் தெரியல. நேத்து கரண்ட் பில்லைப் பத்தி ரெண்டு தடவை பேசினோம்." மூச்சு வாங்கினாள். "சீக்கிரம் கொண்டாந்து மாட்டிடுடா. வீட்டுல இருக்க முடியல."

மேஜை மேல் கம்ப்யூட்டர் மூன்று நாளாகத் தயாராக இருந்தது. துணி போட்டுத் துடைத்துப் பைக்கில் கட்டி எடுத்துப் போனேன். அக்காதான் கதவைத் திறந்தாள். மாமா மேஜையை முன்பே துடைத்து வைத்திருந்தார். வயர்களை மாட்டி ஆன் செய்தேன். திரை வெளிச்சம் வந்ததும் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் முகம் தெளிந்தது. மாமா ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.