துண்டுக்குள் முடிந்த பேரம்

ஆரணியில் பட்டுக் கடைகளுக்குப் பின்னால் ஒரு முதியோர் இல்லம். இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில் நான் அங்கே நர்ஸ். என்ன வேலை என்று யாராவது கேட்டால், அடி வாங்குகிற வேலை என்பேன். அந்த அளவுக்கு எங்களைப் படுத்தியவர் ஒரே ஒருவர்தான்: தேவிகாபுரத்துப் பக்கத்து மாட்டுத் தரகர், ஞாபகம் தப்பியவர். சோறு ஊட்டப் போனாலும் குளிப்பாட்டப் போனாலும் வெடுக்கென்று கையைப் பிடித்து விரலை நெரிப்பார். உருவிக்கொண்டால் பளாரென்று அறைதான். பக்கத்துக் கட்டில்காரர் கன்னம் வீங்கியதும், "மகனை வந்து கூட்டிகினு போவச் சொல்லிட்டேன் சிஸ்டர்" என்றார் மேனேஜர். மகனோ போனில், "எங்கியாவது தொலைவுல சேத்துடறேன்" என்றாராம். அடித்தாலும் பெரியவர் என் ஆள்; அனுப்ப எனக்கு மனமில்லை.

மறுநாள் அவரைக் குளிப்பாட்டித் துவட்டும்போது துண்டு எங்கள் கைகள் மேல் விழுந்தது. உள்ளே என் விரலைப் பிடித்தார். நெரிக்கவில்லை, பதமாக ஒரு அழுத்து. பிறகு என் முகத்தையே பார்த்துக் காத்திருந்தார். அப்போதுதான் உறைத்தது. சந்தையில் தரகர்கள் அடுத்தவனுக்குத் தெரியாமல் துண்டுக்குள் விரல் பிடித்துத்தானே விலை பேசுவார்கள்! மனிதர் இத்தனை நாளும் பேரம் பேசியிருக்கிறார். நாங்கள்தான் பாதியில் ஓடியிருக்கிறோம். ஆழம் தெரியாமல் நானும் இரண்டு விரலை அழுத்திவைத்தேன்.

"இன்னாம்மா நீ, பல்லு போன மாட்டுக்கு இவ்ளோவா?" என்றார் அசந்துபோய்.

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அதன்பிறகு சோறு, மாத்திரை, சவரம் எல்லாமே துண்டுக்குள் பேரம் முடிந்த பிறகுதான். சமையல்கார அம்மா ஜோடிக் காளை வாங்கினார். அறை வாங்கிய பக்கத்துக் கட்டில்காரர்கூட ஒரு கறவைப் பசுவை விற்றுவிட்டு, மலிவாக விட்டுவிட்டோமே என்று சாயங்காலம் வரை புலம்பினார்.

மேனேஜர் மட்டும் நம்பவில்லை. மகன் ஆட்டோவோடு வந்து வாசலில் நின்ற அன்று, பெரியவரைக் கிளப்ப மேனேஜரே உள்ளே வந்தார். நான் துண்டை நீட்டினேன்.

"ஒரே ஒரு தடவை, சார்."

முறைத்துக்கொண்டே துண்டுக்குள் கையை விட்டார். பெரியவர் விரல் விரலாகப் பிடித்துப் பார்த்தார். மேனேஜர் முகம் மெல்ல இளகி, கடைசியில் இளித்தேவிட்டார்.

"இன்னா பெரியவரே, முடிஞ்சிதா?"

"இது விக்கறதுக்கில்ல தம்பி. கெழட்டு மாடு. ஓட்டிகினு போனா அடிமாட்டுக்குத்தான் போவும். இங்கியே கட்டி வைங்க."

மேனேஜர் கையை உருவிக்கொள்ளவில்லை. இளிப்பு மட்டும் போய்விட்டது. "ஆட்டோவ அனுப்பிடுங்க சிஸ்டர்" என்றார்.

நான் வாசலுக்கு ஓடினேன். கால் தரையில் பாவவில்லை.