வேப்பமரத்தில் சிவப்பு மை

அறுபதுகளின் தொடக்கம். திருத்தங்கல் அச்சகத்தில் வேலை பார்த்த என் சிநேகிதன், ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி விருதுநகர் வரும்போது மை டப்பா மூடிகளைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவருவான். தட்டையான தகர மூடி. மணிக்கட்டைச் சுண்டி எறிந்தால் மிதந்து போகும். நகராட்சிப் பூங்காவின் வாசல் தூணில் தொடங்கி, சிமெண்டு பெஞ்சு, ரேடியோக் கம்பம், தண்ணீர்த் தொட்டி, கடைசியில் வேப்பமரம் என்று வரிசையாக அடித்துக்கொண்டு போகவேண்டும். மூடி விழுந்த இடத்திலிருந்துதான் அடுத்த எறி. குறைந்த எறியில் முடிப்பவனுக்கு ஜெயம்.

விளிம்பில் மை ஒட்டியிருக்கும் என்பதால் பட்டதா இல்லையா என்ற சண்டையே கிடையாது. பட்ட இடத்தில் தீற்றல் விழும். எனக்குச் சிவப்பு, அவனுக்கு மஞ்சள். என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த கணக்கு வாத்தியார், சர்ச்சில் காலை ஆராதனை முடிந்த கையோடு வந்து, வெள்ளைச் சட்டையில் மை தெறிக்காத தூரத்தில் நின்று தீர்ப்புச் சொல்வார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மற்ற பிள்ளைகள் விளையாடிய வயதில் என்னைப் புத்தகத்தோடு உட்காரவைத்துவிட்டார்கள். மீசை முளைத்து வாத்தியாரான பிறகுதான் விளையாடவே கற்றேன். ஒவ்வொரு எறிக்கும் கோணம் பார்த்து, காற்றுப் பார்த்து நிற்பேன்.

"ஏலே, பரீட்சையா எழுதுத? எறிலே!" என்பான் சிநேகிதன்.

ஒரு தடவையாவது அவனை ஜெயிக்க வேண்டும். அதுவரை ஜெயித்ததே இல்லை.

அந்த ஞாயிறு கூடி வந்தது. அவன் ஆட்டத்தை முடித்துவிட்டான். நான் அடுத்த எறியில் மரத்தைத் தொட்டால் ஜெயம். தொட்டிக்குப் பின்னால் கிடந்த மூடியை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால், மிளகாய்க் கிடங்கில் வத்தல் ஆயும் என் அம்மா, மரத்தடியில் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறாள்.

மாதக்கணக்கில் நாங்கள் அடித்த மஞ்சளும் சிவப்பும் மரத்தில் அப்பிக் கிடந்தன. போன வாரமே அதில் ஒரு மஞ்சள் கயிற்றைப் பார்த்தோம். துணி காயப்போட யாரோ கட்டியது என்று விட்டுவிட்டோம்.

"எம்மா, கொஞ்சம் நவுந்துக்கோ."

"நீயும் வந்துட்டியாய்யா? தானா மஞ்சளும் குங்குமமும் பூத்திருக்காம்ல. மிளகாய்க் கிட்டங்கி முழுக்க இதே பேச்சுதான்."

"அது அச்சு மைம்மா. நாங்க எறிஞ்சு ஒட்டுனது."

"சரி, எறிஞ்ச. உன்னைய எறிய வச்சது யாரு?"

அவள் என் கையைப் பார்த்தாள். "அட, தட்டும் கொண்டாந்திருக்க!" என்று மூடியைப் பிடுங்கி, சூடத்தை வைத்துக் கொளுத்தி, மரத்தோடு ஒட்டி வைத்தாள்.

"கையால வச்சது கணக்குல வராது!" சிநேகிதன் ஓடிவந்தான். "சார், நீங்களே பாத்தீகள்ல?"

கணக்கு வாத்தியார் தொண்டையைச் செருமினார். "சாமி விஷயத்துல நான் தலையிடல. ஆட்டத்த மட்டும் சொல்லுதேன். மூடி மரத்தத் தொட்டிருச்சு. எறியக்கூட இல்ல. அப்பம் எறி இன்னும் கொறச்சல்தான? தம்பி ஜெயிச்சாச்சு."

"இது என்ன சார் நாயம்?"

"ஏன்யா சாமி முன்னால சத்தம் போடுத?" என்றாள் அம்மா. "செருப்பக் கழட்டிட்டு வந்து கும்பிடு."

கழற்றினான். அவன் பக்கத்தில் நானும் கைகூப்பி நின்றேன். எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை, வேண்டியது கிடைத்துவிட்டது. அவன்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டு வெகுநேரம் வேண்டிக்கொண்டிருந்தான்.