கஸ்தூரி மேடத்திடம் சொல்லாத சொற்கள்

கஸ்தூரி மேடம் போய்விட்டார் என்று நம் கம்பெனி நர்ஸ் ஜெயந்தி போனில் சொன்னபோது, கம்பெனி பஸ் ஒரகடம் கூட்டுரோட்டில் நின்றிருந்தது. தூக்கத்திலேயே மாரடைப்பாம். "சரி" என்றேன். சாவுச் செய்திக்குச் சொல்லும் பதிலா அது? பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னலை மூடச் சொன்னார், மூடினேன்.

உங்களில் பலருக்கு அவரை, சித்திரை வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டர்கள் ஓடும் ஏசி சர்வர் ரூமுக்குள் போகிறவர் என்றுதான் தெரியும். அங்கே என்ன செய்தார் என்று நான்தான் சொல்ல வேண்டும். நாம் சம்பளச் சீட்டு பார்க்கிற வலைத்தளம் பிஎச்பி என்ற கணினி மொழியில் எழுதியது. எல்லாருடைய மருத்துவப் பரிசோதனை முடிவுகளும் அதிலேயே திறந்து கிடந்தன. ஒரு பெண் கர்ப்பமாக இருப்பதை, அவள் தன் வீட்டில் சொல்லுமுன் லைன் சூப்பர்வைசர் பார்த்து ஷிப்டுக்கே சொல்லிவிட்டார். அவள் அப்புறம் வேலைக்கு வரவேயில்லை. அந்த வாரமே மேடம், பதிவுகளை யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்து பூட்டுகிற ஒரு எக்ஸ்டென்ஷனை, அதாவது கூடுதல் நிரலை, அந்த மொழிக்கு எழுத உட்கார்ந்தார்.

எழுத்தைக் குழப்பிப் பூட்டுகிற கணிதக் கணக்கு அவருடையதல்ல, உலகம் சோதித்துப் பார்த்த கணக்கு. சொந்தமாகக் கணக்கு கண்டுபிடிக்கிறவனை உதைக்க வேண்டும் என்பார். அவர் மண்டையை உடைத்துக்கொண்டது அதை நம்மைப் போன்றவர்கள் கையில் எப்படிக் கொடுப்பது என்பதில்தான். அவருக்கு உதவியாக இருந்த நான் வசதிக்காக ஏழெட்டு ஆப்ஷன்கள் சேர்த்துக் கொண்டுபோனேன். எல்லாவற்றையும் வெட்டிவிட்டு மூடு, திற என்று இரண்டே கட்டளைகளை விட்டுவைத்தார். "தப்பா எழுதறதுக்கு இடமே குடுக்காதப்பா. நாமளே தூக்கக் கலக்கத்துல எழுதறவங்கதான்" என்றார்.

சர்வர் நின்று மறுபடி கிளம்பினால் சாவி கேட்கும். அந்தச் சாவியை மூன்று துண்டாக்கினார். எந்த இரண்டு துண்டு சேர்ந்தாலும் திறக்கும், ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் கிழிக்க முடியாது. ஒவ்வொரு துண்டும் மனப்பாடம் செய்கிற மாதிரி சில சாதாரணத் தமிழ்ச் சொற்கள். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு, ஒன்று ஸ்டோர்ஸ் சேகருக்கு. என்னுடையது திரையில் வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லாத. எங்கிட்டயும் சொல்லாத." ஆத்திர அவசரத்துக்கு முழுச்சாவி ஒன்று தன்னிடம் இருக்கட்டும் என்று மேனேஜர் கேட்டார். முடியாது என்றார் மேடம். அதோடு மேடத்தின் பதவி உயர்வுப் பேச்சும் நின்றது.

சேகர் வேலையை விட்டுப் போன அன்று, கேக் வெட்டுவதற்கு முன்பே மேடம் சாவியை மாற்றிவிட்டார். சேகர் முகம் சுண்டிப்போயிற்று. "இன்னா மேடம், நான் வெளிய போவறதுக்குள்ள அவ்ளோ அவசரமா?" என்று கேட்டார். மேடம் அவர் தட்டில் இன்னொரு சமோசா வைத்தார். "நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க பேரை யாரும் இழுக்கக்கூடாது சேகர். போறவங்களுக்கு நாம செய்யற மரியாதை இது." சாவித் துண்டு வைத்திருப்பவர்களில் சேகரின் இடத்துக்கு ஜெயந்தி வந்தார்.

ஆகவே மேடம் போன செய்தி வந்த அன்று காலை, சாவியை மாற்ற நானும் ஜெயந்தியும் நேராக சர்வர் ரூமுக்குப் போனோம். நாற்காலியில் அந்த ஸ்வெட்டர் தொங்கியது. "சாவு வூட்டுக்குப் போவாம இங்க குந்திக்கினு கீறோமே சார்" என்றார் ஜெயந்தி. ஆனாலும் தன் சொற்களை அடித்தார், நான் என்னுடையதை அடித்தேன். திறந்தது. மேடம் இல்லாமலே திறந்தது. அப்படித்தான் அவர் எழுதியிருந்தார். ஒரு தடவையாவது அடம்பிடித்திருக்கக் கூடாதா என்று அந்த மெஷின்மேல் எனக்குக் கோபம் வந்தது. புதுச் சாவி போட்டோம், பழைய துண்டுகள் எல்லாம் செத்தன. பிறகு மண்ணூரில் மேடம் வீட்டுக்குப் போய் மாலை போட்டோம். அழுகை வரவில்லை, இன்னும் வரவில்லை.

புதுச் சொற்கள் எனக்கு அடிக்கடி தடுக்குகின்றன. பழையவை பல் தேய்க்கும்போதுகூட வரிசையாக வருகின்றன. அவை இனி எதையும் திறக்காது. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவைதான். இப்போது சொல்லலாம், மேடம்: வாளி, எலுமிச்சை, ஏணி, தவளை, சொக்காய், புதன், ஆணி, மழை.