சிந்தியதை அள்ளுகிற கை

தொட்டியின் மூலையில் நேற்றைய தீவனம் ஒட்டிக் கிடக்கிறது. வெர்லின் ஸ்காலா கையுறையைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டு, வெறும் விரல்களால் அதைச் சுரண்டி வாளியில் போடுகிறார். துடைப்பம் பக்கத்திலேயே சாய்ந்து நிற்கிறது. துடைப்பத்தால் கூட்டினால் மூலைக்கு ஒரு பிடி தங்கிவிடும் என்பது அவர் கட்சி. அவருக்குப் பின்னால் ஒரு பட்டி நிறையக் கன்றுகள் தாயைக் கேட்டுக் கத்திக்கொண்டிருக்கின்றன. பிரித்து இரண்டு நாள்தான் ஆகிறது. அந்தக் கத்தலில் பக்கத்தில் நிற்பவர் பேச்சே காதில் விழாது. வெர்லினோ பல்லில் கையுறையோடே தீவனத்தோடு பேசிக்கொண்டிருக்கிறார்.

"இங்கதான் ஒளிஞ்சிருக்கியா. வா, மேல வா."

எதையும் தூக்கி எறியாத மனிதர். வளைந்த ஆணிகளைத் தட்டி நிமிர்த்தி, நீளவாரியாகக் காப்பி டப்பாக்களில் போட்டு வைத்திருக்கிறார். புல்கட்டுகளை அவிழ்த்த கயிறுகள் கொட்டகைச் சுவரில் நிறவாரியாகத் தொங்குகின்றன. காப்பி வடிகட்டிய காகிதம்கூட ஜன்னல் விளிம்பில் காய்ந்து இன்னொரு தடவை வேலைக்கு வரும். "நான் போனப்புறம் என்னையும் மடிச்சு ஒரு டப்பாவில போட்டு வெச்சிருவான், எப்பவாவது தேவைப்படும்னு" என்று அவர் மனைவி ஆர்லிஸ் ஒருமுறை தேவாலயத்து விருந்தில் சொன்னபோது, மிளகாய்ச் சூப்பும் இலவங்கப்பட்டை ரொட்டியுமாக உட்கார்ந்திருந்த மொத்தக் கூட்டமும் சிரித்தது. வெர்லினும் சிரித்தார். சிரித்துவிட்டு, பக்கத்துத் தட்டில் மிச்சமிருந்த ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நெப்ராஸ்காவின் இந்த மணற்குன்றுகளில் இலையுதிர்காலம் என்றால் கன்று பிரிக்கிற காலம். பண்ணைக்காரர்கள் பிரித்த கையோடு கன்றுகளை லாரியில் ஏற்றி வெர்லினிடம் அனுப்புவார்கள். பால் மறந்த கன்றைத் தொட்டித் தீவனத்துக்குப் பழக்கி, சளி பிடிக்காமல் காப்பாற்றி, குளிர் உச்சத்தில் இருக்கும்போது ராய்ஸ் டெங்கலின் பெரிய பட்டிக்கு அனுப்பிவைப்பது அவர் தொழில். அங்கே மக்காச்சோளம் தின்று தேறி, கோடையில் இறைச்சிக்குப் போகும். இங்கே முதல் சில வாரம் ஒழுங்காகத் தின்ற கன்று அங்கே போய் நன்றாகத் தேறும். இங்கே படுத்த கன்று அங்கேயும் படுக்கும் என்பது ராய்ஸின் கணக்கு. வெர்லின் பட்டியில் ஒரு கன்று தும்மினாலும் ராய்ஸுக்குத் தூக்கம் போய்விடும்.

பாலும் பச்சைப் புல்லும் தவிர வேறறியாத கன்றுக்குத் தொட்டியைக் கண்டாலே பயம். முதலில் காய்ந்த புல்லை நீளமாகப் பரப்பி, அதன்மேல் குச்சித் தீவனத்தைத் தூவ வேண்டும். புல்லை இழுக்கும்போது பாகு வாசனையோடு நாலு குச்சி வாய்க்குள் போய்விடும்; மறுநாள் அது குச்சியைத் தேடும். மிச்சம் புளித்துப்போனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்பதால் தினமும் காலையில் தொட்டியைச் சுத்தமாக வழித்தெடுக்க வேண்டும். வழித்தது எங்கே போகும் என்று வெர்லினைத் தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். பல வருஷமாக அது சிண்டருக்குத்தான் போனது.

சிண்டர் ஆர்லிஸின் குதிரை, சாம்பல் நிறப் பெட்டை. இந்தக் கொட்டகையிலேயே பிறந்து ஆர்லிஸின் கையிலேயே வளர்ந்தது. ஆர்லிஸுக்கு ஒரு முழங்கால் மடங்காது. தரையில் நடந்தால் வலியில் முகம் கோணும். சேணத்தில் ஏறிவிட்டால் ஆளே வேறு. மனிதர் நடந்து வந்தால் காய்ச்சல் கண்ட கன்றும் தலையை நிமிர்த்தி ஒன்றுமில்லாததுபோல நிற்கும். குதிரையை அது பொருட்படுத்தாது. சிண்டர் கூட்டத்துக்குள் பைய நுழைந்து போக, ஆர்லிஸ் மேலிருந்தபடியே, "அந்தச் செவலைக்குக் காது தொங்குது, பிடி" என்பார். பிடித்துப் பார்த்தால் உடம்பு கொதிக்கும். சுற்று முடிந்ததும் வெர்லின் வாளியோடு வருவார். வாளியின் கம்பிப் பிடி விளிம்பில் தட்டும் ஓசை கேட்டால் போதும், சிண்டர் வேலியோரம் ஓட்டமாக வந்துவிடும். வழித்ததை அதன் ரப்பர்த் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, நெற்றியில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வெர்லின் சாப்பிடப் போவார்.

போன வருஷம் கன்று வருவதற்கு முன்பே ராய்ஸ் பிக்கப்பில் வந்து இறங்கினார்.

"பெரிசு, போன தடவை நீங்க அனுப்பினதுல பாதி, வந்து ஒரு மாசம் சும்மா நின்னு வேடிக்கை பாத்துச்சு. எடையே ஏறல."

"நான் போடறது நல்ல தீவனம்தான், ராய்ஸ்."

"நல்ல தீவனம்தான். எங்கப்பா காலத்துத் தீவனம். இப்ப மருந்து கலந்து வருது. கழிச்சல் வராது, கம்மியாத் தின்னு நல்லா ஏறும். எல்லாரும் அதத்தான் போடறாங்க. நீங்க மாட்டேன்னா, நான் வேற ஆளப் பாக்கணும்."

"நான் எப்பய்யா மாட்டேன்னேன்?"

மாட்டுக்கு நல்லது செய்கிற அந்த மருந்து குதிரையின் இதயத்தைத் தின்றுவிடும். மூட்டையிலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தது. வெர்லின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சமையலறை மேஜையில் மூட்டையின் வாயில் தைத்திருந்த காகிதத்தை விரித்து, ஆர்லிஸுக்கு உரக்க வாசித்துக் காட்டினார்.

"கேட்டியா? குதிரைக்குக் கூடவே கூடாதாம்."

"எனக்கு எதுக்குச் சொல்ற? வாளி தூக்கறது நீ. உன் கைக்குச் சொல்லு."

கைக்கும் சொல்லித்தான் வைத்தார். வழித்ததைத் தினமும் கொட்டகை தாண்டி மேற்கு மேய்ச்சலில் நிற்கும் கிழட்டுப் பசுக்களுக்குக் கொண்டுபோய்ப் போட்டார். பசுவுக்கு அது ஒன்றும் செய்யாது. பேசாமல் குப்பையில் கொட்டியிருக்கலாம் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள், அவரும் சொல்லிக்கொள்கிறார். ஆனால் தின்னத் தகுந்ததைக் கொட்டுவதற்கு அந்த மனிதருக்கு உடம்பு வளையாது. வாளி வேலியைக் கடந்து போகும்போதெல்லாம் சிண்டர் கூடவே நடந்து வந்து, மூலையில் நின்று கனைக்கும். "உனக்கு இல்லடி, போ" என்று சொல்லிக்கொண்டே போவார்.

அந்தக் காலையில் விசேஷமாக எதுவும் நடக்கவில்லை. பனிப்புயல் இல்லை, கன்று எதுவும் விழவில்லை, யாரும் கூப்பிடவில்லை. ஏதாவது நடந்திருந்தால் பழியை அதன்மேல் போடலாம். வெர்லின் அந்தக் காலையை எத்தனையோ தடவை கிளறிப் பார்த்துவிட்டார், ஒரு சாக்கும் அகப்படவில்லை. தொட்டியை வழித்தார், நடந்தார், சிண்டர் ஓடிவந்தது, கை வாளியைக் கவிழ்த்தது. நெற்றியில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, போய் முட்டை சாப்பிட்டார். மருந்து தூளாக உதிர்ந்து தொட்டியின் அடியில்தான் படியும். மூலை மூலையாகச் சுரண்டி எடுக்கிறவரின் வாளியில்தான் அது அதிகம் சேரும்.

மறுநாள் சேணத்தோடு போன ஆர்லிஸ், அந்தக் குளிரில் சிண்டர் வியர்த்து நனைந்து, கால்களை அகட்டிவைத்து நடுங்கிக்கொண்டிருப்பதைக் கண்டார்.

"வெர்லின், நேத்து இவளுக்கு என்ன போட்ட?"

"ஒண்ணும் போடலியே" என்றார் வெர்லின். சொல்லும்போது நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். பிறகு ரப்பர்த் தொட்டியைப் பார்த்தார். அடியில் புதுத் தீவனத்தின் பச்சை நிறக் குச்சி இரண்டு கிடந்தது. ஆர்லிஸும் அதைப் பார்த்தார். சேணத்தை வேலிமேல் வைத்துவிட்டு, மடங்காத காலை இழுத்துக்கொண்டு டாக்டருக்குப் போன் செய்யப் போனார்.

கால்நடை மருத்துவர் ஹானா பிரோக் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வந்து, மூக்கு வழியாகக் குழாய் விட்டு, விஷத்தை உறிஞ்சும் கரியைக் கரைத்து ஊற்றினார். மாற்று மருந்து கிடையாது, காத்திருப்பதுதான் வைத்தியம் என்றார். சிண்டர் படுக்காமல் நின்றது. வெர்லினும் கூடவே நின்றார். அடுத்த வாரம் ஹானா மறுபடி வந்து, நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"பொழைச்சிட்டா. ஆனா இதயம் பாழாப் போச்சு. இனிமே யாரும் ஏறக் கூடாது. ஓடவும் விடாதீங்க. ஒரு ஓட்டம் போதும், விழுந்துருவா."

"நடக்கலாமா?" என்று கேட்டார் ஆர்லிஸ்.

"நடக்கலாம்."

"எவ்வளவு நாளைக்கு?"

"அதைச் சொல்ல எனக்குத் தெரியலைங்க, ஆர்லிஸ்."

ஆர்லிஸ் திட்டவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால் வெர்லின் பிழைத்திருப்பார். ஆர்லிஸ் சேணத்தைத் துடைத்து, எண்ணெய் தடவி, கம்பளி போர்த்திக் கொட்டகையில் ஏற்றி வைத்தார். கன்றுகளைப் பிக்கப்பில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். வண்டியைக் கண்டு கன்றுகள் கலைந்து ஓடின. எந்தக் காது தொங்குகிறதென்று யாருக்குத் தெரியும். அந்த வருஷம் அதிர்ஷ்டம், எதற்கும் பெரிதாக ஒன்றும் வரவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் வெர்லினுக்குத் தாங்கவில்லை.

"ஏதாவது சொல்லேன், ஆர்லிஸ்."

"என்ன சொல்ல? நீ வேணும்னா செஞ்ச?"

"இல்ல."

"அப்ப சாப்பிடு."

அதன்பிறகு அவருக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. காலையில் முதல் வேலையாகச் சிண்டரிடம் போய், அதன் இடது முன்னங்காலுக்குப் பின்னால் வெறுங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். இதயம் நாலு தடவை அடிக்கும், ஒன்றை விழுங்கும். விழுங்கியதற்கு அடுத்த அடிக்காகக் காத்திருக்கும்போது அவர் மூச்சும் நின்றிருக்கும். அது வந்த பிறகுதான் கையை எடுப்பார்.

வாளியால் வந்த கஷ்டம் வேறு. தன்னைக் கொன்றுகொண்டிருப்பது எதுவென்று குதிரைக்குத் தெரியாதே. கம்பிப் பிடி தட்டினால் அது இன்னும் ஓடிவரப் பார்த்தது. ஓடினால் விழுந்துவிடும். கம்பியில் துணி சுற்றிப் பார்த்தார். துணி நனைந்து உறைந்து முன்பைவிடப் பலமாகத் தட்டியது. வேறு வாளி வாங்கேன் என்று ஆர்லிஸ் சொன்னதற்கு, "இது நல்லாத்தானே இருக்கு" என்றார். கடைசியில் வாளியை இடுப்போடு அணைத்து, பிடியைக் கட்டைவிரலால் விளிம்போடு அழுத்திக்கொண்டு, சிண்டரின் கண்ணில் படாமல் கொட்டகையின் பின்பக்கமாகச் சுற்றிப் போனார். பனியில் அந்தப் பக்கம் முழங்கால் வரை புதையும். கன்றுகள் ராய்ஸிடம் போன பிறகும், பசுக்களுக்கு உப்போ தவிடோ எடுத்துப்போனால் அதே வழிதான். குளிர்காலம் போய், வசந்தம் போய், குன்றுகள் பச்சையாகும் வரைக்கும் அந்தப் பிடி ஒரு தடவைகூடச் சத்தம் போடவில்லை.

ஜூன் மாதத்தில் ஒரு காலை, கையை வைத்துப் பார்க்கப் போனபோது சிண்டர் விழுந்து கிடந்தது. ஓடிய தடம் எதுவுமில்லை. நின்ற இடத்திலேயே மடங்கியிருக்கிறது. வாயில் பாதி மென்ற புல் இருந்தது. ஆர்லிஸ் வந்து, மடங்காத காலை நீட்டிக்கொண்டு, அதன் கழுத்தருகே தரையில் உட்கார்ந்தார். வெர்லின் கொட்டகையிலிருந்து தார்ப்பாயை எடுத்துவந்து மூடினார். குழி தோண்டும் வண்டிக்குச் சொல்லி அனுப்பிவிட்டு இருவரும் காத்திருந்தபோது வெர்லினின் சட்டைப்பையில் போன் அடித்தது.

"பெரிசு, உங்க கன்னுங்க நேத்து இறைச்சிக்கு லாரி ஏறிடுச்சு. இத்தனை வருஷத்துல இப்படி ஒரு கூட்டத்த நான் பாத்ததில்ல. வந்த நாள்லேர்ந்து தின்னுச்சு. ஒண்ணுகூடப் படுக்கல. எடைய சொன்னா நம்ப மாட்டீங்க."

"அப்படியா."

"நான் சொன்னேனா இல்லியா, அந்தத் தீவனம். அப்புறம் உங்க வீட்டம்மா. குதிரை மேல உக்காந்து அவங்க பாக்கற மாதிரி இங்க ஒருத்தனும் பாக்க மாட்டேங்கறான். இந்த வருஷமும் அதே தீவனம், அதே அம்மா. சரிதானே?"

தார்ப்பாயின் ஒரு மூலை காற்றில் எழும்பியது. வெர்லின் அதைக் காலால் மிதித்துக்கொண்டார்.

"சரி, ராய்ஸ்."

"என்ன பெரிசு, கொஞ்சம் சந்தோஷமாத்தான் சொல்லுங்களேன்."

"சந்தோஷம்தான்" என்றார்.

ஆர்லிஸ் நிமிர்ந்து யாரென்று கேட்டார். "ராய்ஸ். கன்னுங்க நல்லாத் தேறிடுச்சாம்" என்றார் வெர்லின். ஆர்லிஸ் தலையை ஆட்டிவிட்டுக் குதிரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இந்த இலையுதிர்காலத்தில் அதே தீவனம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியிருக்கிறது. போடாவிட்டால் கன்று வராது, கன்று வராவிட்டால் இருவருக்கும் வேறு பிழைப்புக் கிடையாது. வேறு குதிரை பார்க்கலாமா என்று வெர்லின் கேட்டுப் பார்த்தார். "யாருக்கு?" என்று கேட்டதோடு சரி, ஆர்லிஸ் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. முதலில் வந்த கூட்டத்தில் ஒரு செவலைக்கு உடம்பு சரியில்லை என்பது அது விழுந்த பிறகுதான் தெரிந்தது. அதைப் புதைத்துவிட்டு வந்து, இரண்டு பேரும் வழக்கம்போல ஆறிய காப்பியைச் சுடவைத்துக் குடித்தார்கள்.

கடைசி மூலையையும் வழித்தாகிவிட்டது. வாளி நிறைந்துவிட்டது. பல்லில் கடித்திருந்த கையுறையை எடுத்து மாட்டிக்கொள்கிறார் வெர்லின். மேற்கு மேய்ச்சலுக்கு நேர்வழி வேலியோரமாகத்தான். வேலிக்குள் புல் வாய் படாமல் வளர்ந்து பழுத்துக் கிடக்கிறது. பட்டியோரம் பிக்கப்பை நிறுத்திக் கன்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஆர்லிஸ் கண்ணாடியை இறக்கி, கத்தலுக்கு மேல் குரலை உயர்த்துகிறார்.

"நேராவே போயேன், வெர்லின். அங்கதான் யாரும் இல்லையே."

"ஆமா" என்கிறார் வெர்லின். வாளியைத் தூக்கி இடுப்போடு அணைத்து, கம்பிப் பிடியைக் கட்டைவிரலால் விளிம்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கொட்டகையின் பின்பக்கமாகச் சுற்றி நடக்கிறார்.