தகரம் நிற்கும்வரை

எங்கள் தெருவில் மதியச் சாப்பாட்டுக்குக் கடிகாரம் கிடையாது. கடல் ஒரு மைல் பின்வாங்கிச் சேற்றுவெளியைத் திறந்துவிடும்போது ஆணும் பெண்ணுமாகக் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். சேற்றுக்குள் புதைந்திருக்கும் மட்டிச் சிப்பிகளைத் தோண்டிக்கொண்டு, தண்ணீர் திரும்புவதற்குள் கரையேறுவார்கள். அதற்குப் பிறகுதான் குளியல், சாப்பாடு, சண்டை எல்லாம். தண்ணீர் ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் பிந்தும். இன்று பதினோரு மணிக்குச் சாப்பிடுகிறவர்கள் அடுத்த வாரம் நாலரைக்குச் சாப்பிடுவார்கள். மண் முழுக்க உப்பு. வீட்டு வாசலில் ஒரு கீரை முளைக்காது. தின்பதும் விற்பதும் அந்தச் சேறு கொடுப்பதுதான்.

பல வருஷம் வெளியே சுற்றிவிட்டு வந்ததால் இதெல்லாம் இப்போதுதான் என் கண்ணில் படுகிறது. எட்டு மாதம் பனி மூடிய ஒரு மலையில் யாரும் தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை. மழை பெய்யாத ஒரு சமவெளியில், வந்தவருக்கு எவ்வளவு பெரிய சொம்பில் தண்ணீர் கொடுத்தார்கள் என்பதுதான் மரியாதையின் அளவு. எங்கள் ஆட்கள் ஓடமாட்டார்கள். சேற்றில் ஓடினால் கால் புதையும். அந்தப் பழக்கம் தார்ரோட்டிலும் விடாது. பஸ்ஸைத் தவறவிட்டாலும் விடுவார்கள், ஓடிப் பிடிக்கமாட்டார்கள். கோபம் தலைக்கேறினால் 'நாசமாய்ப் போ' என்பதில்லை. "உன் செருப்பு கரையிலேயே கிடக்கட்டும்" என்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக இரண்டு குடும்பங்கள் பதினாலு வருஷம் முகம் பார்க்காமல் இருந்தன.

செருப்புக்கு அர்த்தம் இருக்கிறது. சேற்றில் இறங்குகிற ஒவ்வொருவரும் படித்துறையின் மேல்படியில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். ஏறும்போது போட்டுக்கொள்ள வேண்டும். அடுத்தவர் செருப்பை யாரும் தொடக்கூடாது. மூடுபனி இறங்கிவிட்டால் உள்ளே நிற்கிறவருக்குக் கரை எந்தப் பக்கம், கடல் எந்தப் பக்கம் என்று தெரியாது. அப்போது படித்துறையில் கம்பத்தில் தொங்கும் பழைய எண்ணெய் பீப்பாயின் தகர மூடியை ஒருவர் கட்டையால் தட்டத் தொடங்குவார். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் வருவார்கள். கடைசிச் செருப்புக்கு உரியவர் வந்து சேரும்வரை தகரம் நிற்காது. தகரம் நிற்கும்வரை தெருவில் குழந்தைகள் தவிர யாரும் சாப்பாட்டில் கை வைக்கமாட்டார்கள். சட்டம் ஒன்றுமில்லை. அந்தச் சத்தத்தோடு சோறு தொண்டையில் இறங்காது.

அந்தத் தகரத்தைத் தட்டுகிறவர் என் பெரியம்மா, அம்மாவின் அக்கா. தெரு முழுக்க அவரை 'தகரம்' என்றுதான் சொல்லும், முகத்துக்கு நேராகவே. "தகரக்கா, கடுகு இருக்கா?" என்று கேட்டால், "இருக்கு, வந்து வாங்கிக்க. உன் வீட்ல என்னதான் இருக்கு?" என்று பதில் வரும்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் வேறொருவர் தட்டிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், கணக்கில் கெட்டி. ஒரு பனி நாளில் படியில் ஒரு செருப்பும் இல்லை என்று பார்த்துவிட்டு நிறுத்தினார். ஆனால் பெரியப்பா அன்று வெறுங்காலோடு இறங்கியிருந்தார். முந்தின நாள் வார் அறுந்து, செருப்பு தைக்கக் கொடுத்திருந்தது. மூன்றாம் நாள் அவர் உடம்பு கரையொதுங்கியது.

பெரியம்மா அதைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினார், மட்டி அலசிக்கொண்டே.

"தகரம் நின்னுச்சு. இவரு கூடையோட எடைக்குப் போயிருப்பாருன்னு நினைச்சேன். தட்டைப் போட்டுச் சாப்பிட்டேன். ரெண்டாவது தடவையும் சோறு வாங்கினேன், தெரியுமா?"

தண்ணீரை மாற்றினார். அந்த வருஷமே தகரத்தை அவர் வாங்கிக்கொண்டார். வெறுங்காலோடு வருகிறவர்களுக்கென்று ஒரு சாக்கு நிறையப் பழைய செருப்பு வைத்திருப்பார். அதைப் போட்டு, மேல்படியில் கழற்றி விடாமல் யாரும் படியிறங்க முடியாது.

போன மாதம் ஒரு காலையில் பனி இறங்கியது. ஒன்பது மணிக்குத் தட்ட ஆரம்பித்தார். பதினொன்றுக்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள், பெரியம்மாவின் மகனும்தான். படியில் ஒரு ஜோடி செருப்பு மிச்சம் நின்றது. பச்சை ரப்பர் செருப்பு, சின்னக் கால்.

தெருவில் வீடு வீடாகக் கேட்டாயிற்று. எல்லா வீட்டிலும் ஆள் சரியாக இருந்தது. தகரம் நிற்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஆட்கள் படித்துறைக்கு வர ஆரம்பித்தார்கள். மட்டி எடைபோட்டு வாங்குகிறவர், 'தராசு' என்பது பட்டப்பெயர், முன்னால் நின்றார்.

"அக்கா, ஊர்ல ஒரு தலை குறையலை. இந்தச் செருப்பை எவளோ பழசுன்னு தூக்கிப் போட்டுட்டுப் போயிருக்கா. அதுக்கு நாங்க பட்டினியா?"

"பழசுன்னா எங்க போட்டிருப்பா? குப்பையில. இது ஜோடியா, கடலைப் பார்த்து நிக்குது."

"பசி வந்தா பத்தும் பறந்துபோகும், அக்கா."

"பறக்கட்டும். உன் தொப்பைக்கு ரெண்டு மணி நேரம் நல்லது."

சிரித்தார்கள். ஆனால் போகவில்லை. இன்னொருவர், "உங்க வீட்டுக்காரர் போனதுக்கு ஊர் என்ன பண்ணும்?" என்றார். சிரிப்பு நின்றது. பெரியம்மாவின் கை மட்டும் நிற்கவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன். கட்டையைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன, மணிக்கட்டு வீங்கத் தொடங்கியிருந்தது. தண்ணீர் கீழிருந்து நாலாவது படியை நனைத்துக்கொண்டிருந்தது. மகன் படகை எடுத்துக்கொண்டு போய்க் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, துடுப்பு முனைகூடத் தெரியவில்லை என்று திரும்பினான்.

"நிறுத்திடும்மா. இருந்திருந்தாலும் இந்நேரம்..." என்றான்.

"இருந்திருந்தாலும்னா?" என்றார் பெரியம்மா. அவன் படகைக் கட்டப் போனான்.

அண்ணி, அதாவது அவர் மருமகள், அதுவரை பின்னால் நின்றிருந்தாள். மாமியாருக்கும் அவளுக்கும் அவ்வளவு ஒத்துப்போகாது. ஒரே சமையலறையில் இரண்டு உப்பு ஜாடி வைத்திருப்பவர்கள். அவள் வந்து கட்டைக்குக் கை நீட்டினாள். பிடுங்கி எறிந்துவிடுவாள் என்று எல்லோரும் நினைத்தோம்.

"குடுங்க அத்தை. நீங்க கொஞ்சம் உக்காருங்க. சத்தம் விடாம தட்டறேன்."

பெரியம்மா அவளைப் பார்த்தார். கொடுத்தார். இரண்டு தட்டுக்கு நடுவில் கை மாறியது, சத்தம் பிசகவில்லை.

உட்கார்ந்த பிறகுதான் பெரியம்மா அந்தச் செருப்பைக் கிட்டத்தில் பார்த்தார். தொடவில்லை. முகத்தைப் படியோடு சாய்த்துப் பார்த்தார்.

"இங்க வந்து பாரு" என்று என்னைக் கூப்பிட்டார். "குதிகால் பக்கம் தேய்ஞ்சிருக்கு."

எங்கள் செருப்பு எல்லாம் விரல் பக்கம்தான் தேயும். சேற்றை விரலால் கவ்வி நடந்து பழகிய கால். என் செருப்பும் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அப்படித்தான் தேய்கிறது, குனிந்து பார்த்துக்கொண்டேன்.

"இது கெட்டித் தரையில நடந்த கால். வெளியூர் ஆள்" என்று தராசு சொன்னார். பசியெல்லாம் குரலிலிருந்து போய்விட்டது. "சேத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாம இறங்கியிருக்கு."

வெளியூர் ஆள் ஆழம் தெரியாமல் காலை விட்டிருந்தால் கரையில் யாருக்கும் தெரிந்திருக்காது. வியாபாரியா, வழி தவறினவரா, யார் தேடுவார்கள்? கூட்டம் தானாகவே விலகி நின்றது. அதன்பிறகு யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அண்ணிதான், தட்டிக்கொண்டே, "வெளியூர்ன்னா..." என்று இழுத்தாள். "வலைக்காரர் வீட்டுப் புதுசு?"

"அவ வீட்ல இருக்கா. நானே பார்த்தேன்" என்றார் ஒருவர்.

"ஆள் இருக்கான்னு பார்த்தீங்க. செருப்பு இருக்கான்னு பார்த்தீங்களா?"

நான் போனேன். வலை பின்னுகிறவரின் வீட்டில் இரண்டு மாதத்துக்கு முன்னால் வந்த மருமகள், நடுக்கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முன்னால் தட்டு, சோறு ஆறிப்போயிருந்தது. கண்கள் சிவந்திருந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வந்துட்டாங்களா அக்கா? கிடைச்சுட்டாங்களா?" என்று கேட்டாள்.

"நீ செருப்பை எங்க விட்ட?"

அவளுக்குப் புரியவில்லை. காலையில் எல்லோரும் இறங்குவதைப் பார்க்கப் போயிருக்கிறாள். எல்லோரும் மேல்படியில் செருப்பை விட்டிருந்ததால் இவளும் விட்டிருக்கிறாள். சேறு ஒட்டாமலிருக்க என்று நினைத்தாளாம். கணுக்கால் வரை உள்ளே இழுத்ததும் பயம். அதற்குள் பனி. தட்டுத்தடுமாறிப் படகுச் சரிவு வழியாக ஏறி, பனியில் படித்துறை எந்தப் பக்கம் என்று தெரியாமல் செருப்பைத் தேடிப் பார்த்துவிட்டு வெறுங்காலோடு வந்துவிட்டாள். கால் கழுவி, சமைத்து, தகரத்துக்குப் பயந்து சாப்பிடாமல் உட்கார்ந்து, யாரோ ஒருவருக்காக அழுதுகொண்டிருந்தாள். செருப்புக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மூச்சுவிடுவது எப்படி என்று யார் யாருக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

விஷயத்தைச் சொன்னதும் அவள் ஓடினாள். எங்கள் தெருவில் ஒரு ஆள் ஓடியதை நான் அன்றுதான் பார்த்தேன். வாசல்களில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

படித்துறையில் அவள் மேல்படிக்கு வந்து நின்றாள். தண்ணீர் ஒன்பதாவது படியில் இருந்தது. அண்ணி தட்டிக்கொண்டே இருந்தாள்.

"போட்டுக்க" என்றார் பெரியம்மா.

வலது கால், இடது கால். அவசரத்தில் வார் விரலிடுக்கில் உட்கார நேரமானது. யாரும் உதவவில்லை; அவள் கால்தான் போட வேண்டும். போட்ட பிறகு பெரியம்மா மருமகளைப் பார்த்துத் தலையசைத்தார். தகரம் நின்றது. காதுக்குள் கொஞ்ச நேரம் அது தொடர்ந்தது.

"நான் வீட்லதான் இருந்தேன் அம்மா. தகரம் ஆரம்பிச்சப்பவே வீட்ல இருந்தேன்" என்றாள் அந்தப் பெண், அழுகைக்கு நடுவே. "எனக்காகவா இவ்வளவு நேரம்?"

"நீ யாருன்னே எனக்குத் தெரியாதேம்மா. செருப்பு நின்னுச்சு, தட்டினேன்."

ஒருவரும் அவளைத் திட்டவில்லை. தராசு தலையைச் சொறிந்துகொண்டு முதலில் போனார், பின்னால் ஒவ்வொருவராக. சற்று நேரத்தில் தெருவில் பாத்திரங்களின் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பெரியம்மா எழப்போனார், வீங்கிய கையை ஊன்ற முடியவில்லை. அண்ணி ஒரு பக்கம் பிடித்தாள். இன்னொரு பக்கம் அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கை கொடுத்தாள்.

"மெதுவா நட" என்றார் பெரியம்மா அவளிடம். "விரலை ஊனி நட."