யார் பெயருக்கு எழுதுவது

திரையில் விழவேண்டிய படம் பனியில் விழுந்ததை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். றொசல்ல ஸ்டேசனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் இரண்டு கம்பங்களை நட்டு வெள்ளைத் துணி கட்டியிருந்தோம். பொழுது சாய்ந்ததும் பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்து துணியை மூடிவிட்டது. இயந்திரத்தின் ஒளி துணியை எட்டவில்லை. பாதி வழியில், சனங்களின் தலைக்கு மேலே, பனியிலேயே ஒரு மனிதர் உருவாகி நின்றார். தோளில் துண்டு, கையில் சுருட்டிய ரூபாய் நோட்டுகள். பனி அசைந்தபோது அவரும் அசைந்தார். அந்த மனிதர் இறந்து அப்போது சில மாதங்கள் ஆகியிருந்தன. அவர் வாழ்ந்த தோட்டமும் அதுதான்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. அரசாங்கத்தின் சேமிப்புப் பிரசார வண்டியில் எனக்கு வேலை. ஊமைப்படத்துக்கு ஒலிவாங்கியில் தமிழில் விளக்கம் சொல்வது என் பொறுப்பு. படத்தை ஓட்டியவர் ஒரு சிங்களவர். ‘ஒப்பரேட்டர்’ என்றே எல்லோரும் அழைத்தோம். எங்கள் இருவருக்கும் மேலே ஒரு யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் இருந்தார். தோட்டத்துச் சனங்கள் அவரைச் ‘சேமிப்பு ஐயா’ என்றார்கள். நானும் ஐயா என்றுதான் கூப்பிட்டேன். இன்றைக்கு நான் எழுத நினைத்தது அவரைப் பற்றித்தான். ஆனால் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பனியில் நின்ற அந்த மனிதர்தான் முதலில் வந்துவிடுகிறார்.

ஐயா வெறும் பிரசாரகர் அல்ல. தான் சொல்வதை முழுமையாக நம்பியவர். வரவுசெலவுத் திட்டம் வெளியான வாரத்தில் வண்டியில் ஏறினால் பத்திரிகையை மடியில் விரித்து, எதற்கு வரி ஏறியது, அரிசி மானியம் என்னாகும், கடன்பத்திரத்துக்கு அரசாங்கம் என்ன வட்டி கொடுக்கிறது என்று ஹட்டன் வரும் வரைக்கும் எனக்கு விளக்குவார். கூட்டத்தில் அதையே எளிமையாகச் சொல்வார். சீட்டுப் பிடிப்பவர் ஓடிவிடலாம். வட்டிக்கு விட்ட காசு வாங்கியவனோடு போய்விடலாம். தகர டப்பாவில் போட்டுப் புதைத்த நோட்டைக் கறையான் தின்னும். காதிலும் கழுத்திலும் கிடக்கும் தங்கம் எத்தனை வருடம் கிடந்தாலும் குட்டி போடாது. தபாற்கந்தோர்ச் சேமிப்பும் அரசாங்கப் பத்திரமும் மட்டும் தூங்கும்போதும் வளரும். ஒருமுறை ஒரு பெரியவர் எழுந்து, “எங்களுக்குப் பிரசாவுரிமை இல்லேங்கிறீங்க. எங்க காசுக்கு மட்டும் இருக்குங்களா?” என்று கேட்டார். “காசு உங்கடைதான், அதை ஒருத்தரும் பறிக்க ஏலாது” என்றார் ஐயா. அந்தச் சொல்தான் பிறகு அவரையே வந்து பிடித்தது.

கொழும்பிலிருந்து படம் எடுக்க வந்தவர்களுக்கு நடிகர் வேண்டாம், உண்மையில் பணம் போடும் ஒரு தொழிலாளிதான் வேண்டும் என்றிருந்தது. ஐயா அந்த றொசல்லத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் ஒருவரைப் பிடித்தார். அவரிடம் ரொக்கம் இல்லை. மனைவியிடம் ஒரு சோடித் தங்கக் கம்மல் இருந்தது. மனைவிக்கு மனமில்லை. ஐயா அவர்கள் இருந்த வரிசை வீடான லயத்துக்கே போய், வாசலில் நின்றபடி நெடுநேரம் பேசினார். நானும் கூட இருந்தேன். கடைசியில் அந்தப் பெண் கம்மலைக் கழற்றிப் புருசன் கையில் வைத்தார். படம் பிடித்த அன்று அந்தப் பெண்ணின் காதுத் துளைகளில் கம்மலுக்குப் பதில் ஈர்க்குத் துண்டுகள் இருந்தன. அதனாலேயே படக்காரர்கள் அவரைச் சட்டகத்துக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

பெரட்டுக்களத்தில் மேசை போட்டுத் தபாற்கந்தோர் போல அமைத்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் ஐயாவே உட்கார்ந்தார். தொழிலாளி வந்து, கம்மலை விற்ற நோட்டுகளை வைக்கிறார். ஐயா பேனாவைத் தூக்கி நிமிர்ந்து ஏதோ கேட்கிறார். தொழிலாளி பக்கவாட்டில் திரும்பி ஒரு சொல் சொல்கிறார், சிரிக்கிறார், துண்டால் நெற்றியைத் துடைக்கிறார். அதோடு மழை பிடித்துக்கொண்டது. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ஓடினோம். ஐயா அந்தப் பணத்தை அவர் பெயரில் முறையாகப் போட்டுப் புத்தகத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தார். அடுத்த மழைக்காலத்தில் அந்த மனிதர் காய்ச்சலில் கிடந்து டிக்கோயா ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். எங்களுக்குச் செய்தி வந்தது. ஆனால் எங்கள் வண்டியில் இருந்த பிரதி அது ஒன்றுதான். மேலிடத்தின் பட்டியல்படி அவருடைய தோட்டத்திலேயே அதைக் காட்டவேண்டி வந்தது.

அன்று பனியில் அவர் திரும்பி வாயைத் திறந்தபோது, வழக்கம்போல என் கையில் இருந்த தாளைப் படித்தேன். “வட்டி எவ்வளவுங்க ஐயா?” ஒலிபெருக்கியில் என் குரல் மலையில் மோதித் திரும்பி வந்தது. படம் முடிந்ததும் ஒரு பெண் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு என்னிடம் வந்தார். அவருடைய மனைவி.

“அவரு அப்பிடிக் கேக்கலீங்க,” என்றார். “என் பேரைச் சொல்றாரு.”

“படத்துல சத்தம் இல்லீங்க அக்கா. எப்பிடித் தெரியும்?”

“வட்டின்னு சொன்னா ஒதடு ஒட்டுமாங்க? சொல்லிப் பாருங்க. அவருக்கு ஒதடு ஒட்டித் தொறக்குது. என் பேருக்குத்தான் அப்பிடி ஒட்டும். வீட்டுல ஒரு நாளும் பேரு சொன்னதில்ல, ‘இந்தா புள்ள’ம்பாரு. அன்னைக்குத்தான் சொன்னாரு. நான் பக்கத்துலதான நின்னேன்.”

ஐயா சற்றுத் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வண்டி ஹட்டனை நோக்கி இறங்கும்போதுதான் வாய் திறந்தார்.

“அவ சொல்லுறது சரி, தம்பி. வட்டியைப் பற்றி ஒண்டும் கதைக்கேல்லை. உமக்கு ஏதும் நடந்தால் காசு ஆருக்குப் போகவேணும் எண்டு கேட்டனான். பெஞ்சாதியின்ரை பேரைச் சொன்னவர். மழை வந்திட்டுது. நான் எழுதேல்லை.”

வாரிசின் பெயர் எழுதவேண்டிய இடம் வெறுமையாகவே தபாற்கந்தோருக்குப் போயிருந்தது. அந்தப் பெண் பணத்தை எடுக்கப் போனபோது கலியாணப் பதிவுச் சான்று கேட்டார்கள். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கட்டிய தாலிக்கு ஏது பதிவு? கணவருக்குப் பிறப்புச் சான்றும் இல்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். கம்மலும் போய், காசும் போய், ஈர்க்குத் துண்டோடு அவர் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். எங்களிடம் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் குறைப்படவில்லை. ஐயா விசாரித்துத்தான் தெரிந்துகொண்டார்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் நாங்கள் போன இடங்களுக்கெல்லாம் வரத் தொடங்கினார். டிக்கோயாவுக்குப் பஸ்ஸில் வந்தார். பக்கத்துத் தோட்டங்களுக்குக் குறுக்குப் பாதையில் நடந்தே வந்தார். இருட்டு விழும் நேரம் இயந்திரத்தின் அருகில் கம்பளி போர்த்திய அந்த உருவம் நிற்கும். புருசன் திரும்பிப் பேசும் அந்தச் சிறு நேரத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடும். சனங்களுக்கு விசயம் தெரிந்துவிட்டது. செத்தவர் சாயந்திரம் சாயந்திரம் வந்து பெண்டாட்டியைக் கூப்பிடுகிறார் என்றார்கள். தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போனார்கள். சேமிப்பு ஐயாவிடம் காசு கொடுத்தால் ஆள் படத்துக்குள் போய்விடுவான் என்று பேச்சு கிளம்பியது. கணக்குத் திறக்க வருகிறவர்கள் குறைந்துபோனார்கள்.

பழைய இயந்திரம், படச்சுருள் அடிக்கடி அறுந்தது. அறுந்த இடத்தில் ஒப்பரேட்டர் சிறிது வெட்டி எறிந்துவிட்டு ஒட்டுவார். யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஒரு மாலை அந்தப் பெண் போகும்போது, “இன்னைக்குத் துண்டை எடுக்காமயே போயிட்டாருங்க,” என்றார். ஒப்பரேட்டர் சுருளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நெற்றியைத் துடைக்கும் இடம் உண்மையிலேயே போயிருந்தது. இன்னொரு நாள், “சிரிப்பு பாதிதான் இருக்கு,” என்றார். அதுவும் சரியாக இருந்தது.

ஐயாவுக்கு வேறொன்று தெரிந்தது. ஒருநாள் மெல்ல என்னிடம் கேட்டார். “நேற்று அந்தாள் என்னைப் பார்த்ததைக் கண்டனீரோ?” தொழிலாளி மனைவியின் பக்கம் திரும்பும் இடம் வெட்டுப்பட்டுக்கொண்டே வந்ததால், இப்போது அவர் நேரே ஐயாவைப் பார்த்துப் பேசுவதுபோல ஆகிவிட்டது. அதுதான் காரணம் என்று ஒப்பரேட்டர் சொன்னார். ஐயா தலையாட்டினார். ஆனால் அதன்பின் அந்தக் காட்சி வரும்போதெல்லாம் அவர் எழுந்து திரைக்கு முதுகு காட்டி நிற்பதைக் கவனித்தேன். தொழிலாளியின் முகம் வரும்போது சட்டகத்தின் ஓரத்தில் ஐயாவின் கை மட்டும் தெரியும். பேனாவைப் பிடித்த கை. தொழிலாளி பெயரைச் சொல்லி முடிக்கும் வரை அந்தப் பேனா அசையாது. அதைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

ஒரு காலை அவர் ஒப்பரேட்டரிடம், “இனி அந்தச் சுருளை ஓட்டவேண்டாம். மிச்சம் இருக்கிறது பத்திரமாய் இருக்கட்டும்,” என்றார். பிறகு நுவரெலியாவிலிருந்த மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்தார். தான் கேள்வி கேட்டதையும், பதில் வந்ததையும், எழுதாமல் விட்டது தன் பிழை என்பதையும். கண்டிக்குப் பதவி உயர்வில் போகவேண்டியவர் அவர். அந்தக் கடிதத்தோடு அது நின்றுபோகும் என்று அவருக்குத் தெரியும்.

மேலதிகாரி கடுமையானவர் அல்ல. ஆனால் ஒருவருடைய ஞாபகத்தை மட்டும் நம்பி அரசாங்கப் பணத்தைக் கொடுக்க முடியாது என்றார். படத்தைப் பாருங்கள் என்று ஐயா கேட்டுக்கொண்டார். அந்தப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு போனோம். பகல் வேளை. கந்தோரில் திரைச்சீலைகளை இழுத்து மூடி வெள்ளைச் சுவரில் படத்தை ஓட்டினோம். அந்தப் பெண் நாற்காலியில் உட்கார மறுத்துச் சுவரோரமாக நின்றார்.

நான் விளக்கம் சொல்லவில்லை. இயந்திரத்தின் சத்தம் மட்டும் இருந்தது. நோட்டுகள் மேசையில் விழுந்தன. ஐயா பேனாவைத் தூக்கி நிமிர்ந்தார். தொழிலாளி வாய் திறக்கும்போது மேலதிகாரி, “அங்கே நிறுத்து,” என்றார்.

“நிறுத்தினா எரியும் சேர்,” என்றார் ஒப்பரேட்டர்.

“நிறுத்து.”

சத்தம் நின்றது. சுவரில் அந்த மனிதர் அசையாமல் இருந்தார். உதடுகள் ஒட்டித் திறந்த அந்தக் கணம். சுவரோரத்திலிருந்து, அடுப்படியில் வேலையாக இருக்கும்போது கூப்பிட்ட மனிதருக்குச் சொல்வதுபோல, சாதாரணமான குரலில் அந்தப் பெண் சொன்னார்.

“இந்தா வாறேங்க.”

அடுத்த நொடி தொழிலாளியின் வாயருகே ஒரு பழுப்புப் புள்ளி தோன்றியது. அது விரிந்தது. முகம் சுருண்டது, கொப்புளித்தது, வெறும் வெளிச்சமானது. கருகல் வாடை எழுந்தது. ஒப்பரேட்டர் விளக்கை அணைத்தார்.

இருட்டில் மேலதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார். அந்தப் பெண் என்ன சொன்னாள்?

“அவர் கூப்பிட்டவர்,” என்றார் ஐயா. “அவ பதில் சொன்னவ.”

மேலதிகாரி எழுந்து தானே திரைச்சீலையை விலக்கினார். பிறகு மேசையில் உட்கார்ந்து, பணத்தைக் கொடுக்கலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

பணம் கைக்கு வந்ததும் அந்தப் பெண் ஹட்டனில் ஓர் ஆசாரியிடம் கம்மல் வாங்கிப் போட்டுக்கொண்டார். வட்டியைப் பற்றி ஐயா ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதன்பிறகு அந்தப் பெண் எங்கள் வண்டியைத் தேடி வரவே இல்லை. அறுபதுகளின் நடுவில் இந்தியாவுக்குப் போகிறவர்களைப் பதியத் தொடங்கிய காலத்தில் அவரும் போனாரா, தோட்டத்திலேயே இருந்தாரா என்பது எனக்குத் தெரியாது. ஐயாவுக்குக் கண்டி கிடைக்கவில்லை. அதே வண்டியில், அதே பதவியில் ஓய்வு பெறும்வரை இருந்தார். இன்று எந்த வங்கிக்குப் போனாலும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பிள்ளைகள், வாரிசு யார் என்று நிமிர்ந்து பார்க்காமலே கேட்கிறார்கள். நான் பதில் சொல்லும்வரை அவர்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

படம் எரிந்த பிறகு கொழும்பில் வேறு பிரதி கேட்டோம்; வரவில்லை. எரிந்த பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தை ஒப்பரேட்டர் ஒட்டினார். அதன்பின் படத்தில் நோட்டுகள் மேசையில் விழும். ஐயா பேனாவைத் தூக்கி நிமிர்வார். எதிரே ஒருவரும் இல்லாமல், பதிலுக்குக் காத்திருப்பார். அங்கே படிக்க என் தாளில் ஒன்றும் இல்லை. முதல் மாலை, இறம்பொடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், என்ன செய்வதென்று தெரியாமல் ஐயாவைப் பார்த்தேன். இம்முறை அவர் முதுகைக் காட்டி நிற்கவில்லை. “நான் கேட்டதையே கேளும்,” என்றார். ஒலிவாங்கியில் கேட்டேன்.

“ஒங்களுக்கு ஏதாச்சும் ஆச்சின்னா, காசை யாரு பேருக்கு எழுதணும்?”

என் குரல் மலையில் மோதித் திரும்பியது. திரையில் ஐயா காத்திருந்தார். அப்போது இருட்டுக்குள் எங்கிருந்தோ ஓர் ஆண்குரல், கூச்சத்தோடு, “முத்தாயி,” என்றது. அடுத்து இன்னொரு பக்கத்திலிருந்து, “எங்க ஆத்தாளுக்குங்க.” பிறகு, “ராமாயி,” “செல்லம்மா,” “எம் மகளுக்கு.” யார் சொல்கிறார்கள் என்று முகம் தெரியவில்லை. பனிக்குள்ளிருந்து பெயர்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன. வண்டியின் படியில் உட்கார்ந்து, சிறிய டார்ச் வெளிச்சத்தில், ஐயா ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருந்தார்.